மாப்பிள்ளை தேறிய காலை

எஸ்கிஷெஹிரில் காலை ஆறே முக்கால்.
போர்சுக் ஆற்றின் ஓரங்கள் உறைந்து கிடக்கின்றன.
ஷிஃப்ட் பஸ்ஸை விட்டிறங்கி
கம்பளிக் கையுறையைக் கழற்றி ரப்பர் கையுறை மாட்டி
முதல் வேலையாக
மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வருகிறேன்.

மாப்பிள்ளை என்பது ஒரு மின் அடுப்பு, ஓவன்.
இடுப்பில் சிவப்பு டேப்.
வயிற்றுக்குள் வேண்டுமென்றே வைத்து மூடிய
ஒரு பழுது.
எந்த வாசலிலும் தேறாத வரன் என்று
ஹுஸ்னியே வைத்த பெயர்.

அவன் வேலை தோற்பது.
ஷிஃப்டுக்கு ஒரு முறை, தவறாமல்.

கூண்டுக் கதவு மூடும். உள்ளே அவன், வெளியே நான்.
இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்.
ஒரு கை சும்மா இருந்தால் இயந்திரம் நகராது,
அந்தக் கை எங்கே போயிருக்குமோ என்ற பயம் அதற்கு.
முதலில் மண்ணோடு உறவுண்டா என்று
இருபத்தைந்து ஆம்பியரில் கேட்கும்.
பிறகு ஐந்நூறு வோல்ட்:
தோலுக்கும் நரம்புக்கும் நடுவே சுவர் நிற்கிறதா.
பிறகு ஆயிரத்து இருநூற்றைம்பது.
இங்கேதான் மாப்பிள்ளை கசிவான்.
சிவப்பு விளக்கு, ஊளைச் சத்தம்,
நான் 'சரி' என்று கையெழுத்துப் போடுவேன்.

இன்று பச்சை.

துடைத்துவிட்டு மறுபடி.
பச்சை.
கசிவு: பூஜ்யம்.

அந்தப் பூஜ்யம்தான் உறுத்தியது.
எவ்வளவு நல்ல அடுப்பும் கொஞ்சம் கசியும்,
இறுக்கி மூடிய குழாயின் மூக்கில் நிற்கும் ஈரம்போல.
பூஜ்யம் என்றால்
யாரும் கதவைத் தட்டவே இல்லை என்று அர்த்தம்.

"இயந்திரமே விட்டுவிட்டது, உனக்கென்ன" என்றார் துர்கூத்.
நான் காளான் பொத்தானை அறைந்தேன்.
பெல்ட் நின்றது.
பதினோரு வருடத்தில் முதல்முறையாக
லாரி முற்றத்து ரேடியோ எனக்குக் கேட்டது:
பொஸ்யூக் கணவாயில் பனி.

கம்பியைக் கழற்றிப் பார்த்தோம்.
மேலுறை முழுசு. பளபளப்புகூடக் குறையவில்லை.
உள்ளே செம்பு அறுந்து
இரண்டு முனையும் முகம் திருப்பிக்கொண்டிருந்தன.
கேள்வி போய்ச் சேரவில்லை.
பதில் வராததை 'நலம்' என்று எழுதியிருக்கிறது பெட்டி.

(டூயிஸ்பர்கிலிருந்து தம்பி ஞாயிறுதோறும் சொல்வது
நினைவுக்கு வந்தது: ஒன்றுமில்லை அக்கா, ஒன்றுமே இல்லை.)

ஏட்டில் இரவு பதினொன்று நான்குக்கு
இல்க்நூரின் கையெழுத்து. அப்போது சிவப்புதான்.
அதற்கும் எனக்கும் நடுவே
நானூற்றுப் பன்னிரண்டு அடுப்புகள்.
எந்த அடுப்போடு கம்பி அறுந்தது என்று
யாருக்கும் தெரியாது.
தொண்ணூற்றாறு, யெனரின் லாரியில்
கெம்லிக் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.
நானே போன் செய்தேன்.
ஏழு தலைமுறையைச் சேர்த்துத் திட்டினான்.
திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினான்,
பின்னால் ஹாரன்கள் கேட்டன.

புதுக் கம்பி பதினொன்று நாற்பதுக்கு வந்தது.
மாப்பிள்ளையை உள்ளே விட்டேன்.
மண். சுவர். ஆயிரத்து இருநூற்றைம்பது.
ஊளை கேட்டதும்
ஹால் முழுக்கக் கை தட்டியது.
ஒரு தோல்விக்கு இவ்வளவு கைதட்டலை
நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு வெறும் உழைப்பு.
ஒட்டிய அட்டையைக் கிழி, தெர்மோகோலை இழு,
செருகு, மூடு, இரண்டு கை, காத்திரு.
நகக்கண்ணில் வெள்ளை உருண்டைகள்.
டீ மூன்று முறை ஆறியது.
இரவு எட்டரைக்கு கடைசி அடுப்பு.

நானூற்றுப் பன்னிரண்டும் தேறின.
ஒன்றில்கூட ஒரு குறையும் இல்லை.

துர்கூத் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.
பெரிய தொகைதான்.
"எல்லாம் நல்ல அடுப்புகள்" என்றார்.
"ஆமாம், இப்போது" என்றேன்.
அவர் எதையோ சொல்ல வாயெடுத்து
பேனாவை மூடினார்.

பஸ் ஹாரன் அடித்தது.
ஹுஸ்னியே குத்தவைத்து உட்கார்ந்து
மாப்பிள்ளையின் இடுப்பில் நைந்துபோன டேப்பை உரித்து
புதுச் சிவப்பு சுற்றிக்கொண்டிருந்தாள்.
"இறுக்கிச் சுற்று" என்றேன்.